ஆறு டப்பாக்களில் ஒருத்தி

மூத்திரத்தைப் பற்றிய கதை இது. முகம் சுளிக்க வேண்டியவர்கள் ஒரு முறை சுளித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். என் கோபம் உங்கள் மேல் இல்லை. திட்டு வாங்க வேண்டியவர்கள் வேறு இடத்தில், ஏ.சி. போட்ட அறையில் இருக்கிறார்கள்.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டுகிற கம்பெனி ஒன்று. நீளப் பலகையில் ஆணி அடித்திருக்கும். ஆணிகளுக்கு நடுவே வயர்களை இழுத்து, சேர்த்து, டேப் சுற்ற வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. ஒரு லைனுக்கு முப்பது பெண்கள். அந்த முப்பது பேரும் கக்கூஸ் போவதற்கு ஒரே ஒரு டோக்கன். சூப்பர்வைசர் பாலாஜியின் மேசைக்கு மேலே கொக்கியில் தொங்கும் சிவப்பு பிளாஸ்டிக் வட்டம் அது. போகிறவள் எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்தவள் மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். கொண்டுவந்த பாட்டில் கொண்டுவந்தபடியே வீட்டுக்குத் திரும்பும்.

ஜெயமணி அங்கே கான்ட்ராக்ட்டில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். முப்பத்து நான்கு வயது. கணவன் மூர்த்திக்குக் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை. ஆறாவது படிக்கிற மகள் ஒருத்தி. லைனில் அவளுக்குப் பக்கத்து ஆணிப்பலகை சரசம்மாவுடையது. சரசம்மா கெலமங்கலம் பக்கம் உள்ளூர்க்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும்.

வருடத்துக்கு ஒரு முறை, தை மாதம், கம்பெனியில் 'மெடிக்கல்' நடக்கும். பெங்களூரிலிருந்து ஒரு லேப் வேன் வந்து வண்டி நிறுத்தும் கொட்டகையில் நிற்கும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள். மேலே நம்பர் ஒட்டியிருக்கும். கான்ட்ராக்டர் முன்கூட்டியே சொல்லிவிடுவான்: சர்க்கரை இருக்கிறவர்கள் லைனுக்கு ஆகாது. ஏன் என்று கேட்கிறீர்களா? சர்க்கரை இருந்தால் அடிக்கடி டோக்கன் கேட்பார்கள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கண் என்ன ஆகும், கால் என்ன ஆகும் என்ற கவலை ஒரு மண்ணும் இல்லை.

சரசம்மாவுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை.

முதல் வருட மெடிக்கலில், கக்கூஸுக்குள் சரசம்மா ஜெயமணியின் கையைப் பிடித்தாள்.

"ஏய் ஜெயா, உனக்குச் சக்கரை கிக்கரை உண்டா?"

"இல்லக்கா."

"அப்ப இதுல கொஞ்சம் ஊத்துடி."

"என்னக்கா, மோரு கேக்குற மாதிரி கேக்குறீங்க!"

"மோரு கேட்டா நீ தண்ணி ஊத்திக் குடுப்ப. இதுல கலப்படம் இல்ல பாரு. ஊத்துடி, புண்ணியமாப் போவும்."

ஊற்றினாள். அதைப் பார்த்துவிட்டு நாராயணம்மாவும் டப்பாவை நீட்டினாள். அவளுக்கும் சர்க்கரை. அப்புறம் ஹரிணி. அவள் புதிதாகக் கல்யாணம் ஆனவள். பிள்ளை உண்டாகியிருந்தாலும் லேப் ஆள் டப்பாவில் முக்கிப் பார்க்கிற பட்டை காட்டிக்கொடுத்துவிடும், வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அப்படியெல்லாம் அந்தப் பட்டையில் தெரியாது. அதை அவளுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. இன்னொருத்திக்கு அன்றைக்கு வீட்டு விலக்கு. இன்னொருத்திக்கு, வெளியே ஆம்பளை நின்றுகொண்டிருக்கிறான் என்றாலே ஒரு சொட்டு வராது. ஆக ஐந்து டப்பா. ஜெயமணியின் சொந்த டப்பாவோடு ஆறு.

ஆறு பேரும் தேறினார்கள். ஜெயமணிக்கு ராசி என்று பேர் வந்தது. அடுத்த தையில் அவளைத் தேடி வந்து இரண்டு பாட்டில் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். அன்றைக்கு ஒரு நாள் சிவப்பு டோக்கன் கேட்காமலே அவள் கைக்கு வந்தது. "நம்ம ஜெயமணி தண்ணிப்பந்தல் வெச்சிருக்கா, வரிசையா வாங்கடி," என்று நாராயணம்மா கக்கூஸ் வாசலில் நின்று ஆள் விட்டாள். ஒரே சிரிப்பு.

மூன்றாவது தையிலும் சிரித்தார்கள். அந்த முறை டப்பாக்களில் நுரை நின்றது. ஊற்றி வெகுநேரம் ஆகியும் அடங்கவில்லை.

"என்னாடி இது, பீரு மாதிரி பொங்குது?" என்றாள் நாராயணம்மா.

"உனக்கு எப்பிடிடி தெரியும் பீரு எப்பிடிப் பொங்கும்னு?" என்றாள் சரசம்மா.

"எங்க வூட்டு ஆளு ஊத்தும்போது பாக்கறேனே தினமும்!"

"டப்பாவ சோப்புப் போட்டுக் கழுவிட்டு அப்பிடியே குடுத்துட்டாங்க போல," என்றாள் ஜெயமணி. அதோடு விட்டுவிட்டார்கள்.

இந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கு நுரை என்றால் சோப்பு, இல்லையென்றால் பீர். சிறுநீரகத்தில் ஓட்டை விழுந்து உடம்பின் சத்து ஒழுகினால் அது நுரையாக வரும் என்று யார் அவர்களுக்குச் சொன்னார்கள்? கோபம் எங்கே வருகிறது என்று சொல்கிறேன். அந்த லேப் ஆள் டப்பாவில் ஒரு பட்டையை முக்குவான். அதில் பத்துக் கட்டம். ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று புரோட்டீனுக்கு, இப்படிப் பத்து. நிறம் மாறுவதைப் பார்த்து ஃபார்மில் எழுதுவான். சும்மா சொல்லக்கூடாது, எழுதத்தான் செய்தான். முதல் வருடம் புரோட்டீன் இல்லை. இரண்டாம் வருடம் ஒரு பிளஸ். மூன்றாம் வருடம் மூன்று பிளஸ். ஆறு ஃபார்மிலும் எழுதினான். எழுதியவன் எழுதினான், வாங்கியவன் வாங்கினான், அடுக்கியவன் அடுக்கினான். கம்பெனி பார்த்தது ஒரே ஒரு கட்டம், சர்க்கரைக் கட்டம். அது சுத்தம் என்றால் மேலே 'ஃபிட்' என்று ஒரு முத்திரை. மூன்று பிளஸ்ஸின் மேலேயே குத்தியிருந்தது அந்த முத்திரை. ஒரு பெண்ணின் உடம்பு ஆறு தாளில் ஒரே நேரத்தில் கத்தியிருக்கிறது. அதன் வாயில் முத்திரை குத்தினார்கள்.

ஆடி மாதம் ஜெயமணியின் கால் வீங்கியது. கம்பெனி ஷூவுக்குள் பாதம் நுழையவில்லை. காலையில் எழுந்தால் கண்ணிமை உப்பியிருந்தது.

"என்னம்மா, ஆடிக்கு ஊருக்குப் போயி நல்லா சாப்ட்டு வந்தியா? கன்னமெல்லாம் பூரி மாதிரி இருக்குது," என்றான் பாலாஜி.

தெருமுனைக் கிளினிக்கில் வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். வற்றியது, திரும்ப வந்தது. மூர்த்தி ஒரு நாள் பட்டறைக்கு லீவு போட்டு அவளை அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அங்கே சிறுநீரகப் பிரிவில் டாக்டர் சுவேதா. சின்ன வயசுதான். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசுகிற டாக்டர். ரத்தம், மூத்திரம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, முதுகில் ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூல் அளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்த அன்று ஜெயமணியை உட்காரச் சொன்னாள்.

"சிறுநீரகத்துக்குள்ள லட்சக்கணக்கான சின்னச் சின்ன வடிகட்டி இருக்கும்மா. டீ வடிகட்டி மாதிரி. உங்களுக்கு அதுல சிலதுல தழும்பு விழுந்திருக்கு. தழும்பு விழுந்த இடம் திரும்ப வடிகட்டியா மாறாது. மத்ததக் காப்பாத்தணும்."

"மாத்திரை இருக்குல்ல டாக்டர்?"

"இருக்கு. ஆனா அதுதான் யோசனையா இருக்கு. ஸ்டீராய்டு. பெரிய மாத்திரை, மாசக்கணக்குல சாப்பிடணும். முகம் உப்பும், சர்க்கரை வரலாம், எலும்பு தேயலாம். நோய் இப்ப வேகமா எரிஞ்சிட்டு இருந்தா அந்த மாத்திரை அணைக்கப் பாக்கும். எப்பவோ எரிஞ்சு அணைஞ்ச பழைய தழும்பா இருந்தா, மாத்திரையால கெடுதல் மட்டும்தான் மிஞ்சும்."

"எரியுதா அணைஞ்சிருச்சான்னு எப்படிப் பாக்குறது?"

"ரத்தத்துல ஒரு அடையாளத்த வெச்சே எந்த மருந்து கேக்கும்னு சொல்ற சோதனையெல்லாம் ஆராய்ச்சியில வந்துட்டு இருக்கு. இங்க நமக்கு இன்னும் வரல. இப்ப உங்க கணக்கெல்லாம் நடுவுல நிக்குது, இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம். உங்க பழைய மூத்திர ரிப்போர்ட் ஏதாவது இருக்கா? போன வருஷம், அதுக்கு முன்ன வருஷம்? புரோட்டீன் எப்ப ஆரம்பிச்சுது, எவ்வளவு வேகமா ஏறுதுன்னு தெரிஞ்சா நான் துணிஞ்சு முடிவு எடுப்பேன்."

ஜெயமணிக்கு முகம் மலர்ந்தது. "இருக்கு டாக்டர்! கம்பெனில வருசா வருசம் எடுத்தாங்க!"

பாருங்கள், அவள் அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் கம்பெனி மாடியில் இருக்கும் எச்.ஆர். அறைக்குப் போனாள். எச்.ஆர். அதிகாரி ஜெகதீஷ் சீட்டைப் படித்தார். 'சிறுநீரகம்' என்ற வார்த்தையில் அவர் கண் நின்றது. லைனில் வயர் நுனியில் மாட்டுகிற டெர்மினலைத் துடைக்க ஒரு கெமிக்கல் வைத்திருக்கிறார்கள். தலை சுற்றுகிறது என்று போன வருடம் இரண்டு பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் மனசு எங்கே ஓடியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"நீங்க கான்ட்ராக்ட் ஆளு. கான்ட்ராக்டரத்தான் கேக்கணும்."

கான்ட்ராக்டர் சொன்னான்: "மெடிக்கல் கம்பெனி எடுத்தது. கம்பெனியத்தான் கேக்கணும்."

திரும்ப வந்தாள். நாளைக்கு வா. திரும்ப வந்தாள். சார் மீட்டிங்கில் இருக்கிறார். வீங்கிய காலோடு அந்த மாடிப்படியை அவள் ஏழு முறை ஏறினாள். ஏழாவது முறை ஜெகதீஷ் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்: "தேடிப் பாத்தாச்சும்மா. உங்க ஃபார்ம் மட்டும் காணோம். மூணு வருஷமும் இல்ல. எலி கிலி கடிச்சிருக்கும். உடம்பு முடியலன்னா வீட்ல ரெஸ்ட் எடுங்களேன்."

எலி. முப்பது பேர் ஃபார்மில் ஒருத்தியுடையதை மட்டும், அதுவும் மூன்று வருடத்துக்கும் தேடிப் பிடித்துக் கடித்த எலி. அந்த எலிக்குப் படிக்கத் தெரிந்திருக்கிறது.

கீழே முதலுதவி அறை நர்ஸ் மோகனப்ரியா அவளை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள். சேர்ந்து நாலு மாதம்தான் ஆன பெண். "அக்கா, ஃபைல் இங்கதான் இருந்துச்சு. போன வாரம் மேல கேட்டாங்க, உங்களோடத உருவிட்டுத் திருப்பிக் குடுத்தாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியல. ஃபார்ம் அடில அச்சுலயே போட்டிருக்கு, சம்பந்தப்பட்டவங்க நேர்ல கேட்டுக் கையெழுத்துப் போட்டா நகல் தரணும்னு. ஃபார்ம் இருந்தாத்தானே தர முடியும்?"

ஜெயமணிக்கு அப்போதே உறைத்தது. அவளுடைய ஃபார்ம்தான் போனது. அவளுடைய மூத்திரம் இன்னும் ஐந்து ஃபார்மில் இருக்கிறது. உறைத்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஐந்து பேருக்கு வேலை போய்விடும். சரசம்மாவின் கணவன் ஆஞ்சப்பன் இடுப்பு உடைந்து இரண்டு வருடமாகப் படுக்கையில். அந்த வீட்டில் அடுப்பு எரிவது சரசம்மாவின் வேலையால். ஜெயமணி படியிறங்கி லைனுக்குப் போய் வயர் இழுத்தாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் சரசம்மா விடவில்லை.

"என்னாடி சொன்னான் அந்த எச்சாரு?"

"என்னோடது மட்டும் காணோமாம்க்கா."

"உன்னுது மட்டுமா? என்னுது?"

"இருக்கும்."

சரசம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஒரு ஸ்டாப் தாண்டியது. சட்டென்று திரும்பினாள்.

"இருடி. அப்ப என் பேர்ல இருக்கறது உன் நோயா? ஒங்கம்மா! என் பேர்ல கிட்னி நோயின்னு எழுதி வெச்சிருக்காங்களா?"

"கத்தாதீங்கக்கா."

"கத்துவேன்! என் தலையெழுத்துல சக்கரை ஒண்ணு பத்தாதா? ஏமே, எனக்கு நல்லாருக்குதா கிட்னி?"

ஜெயமணி அவளைப் பார்த்தாள். "தெரியலையேக்கா. ஒங்களோடத யாரும் பாக்கவே இல்லையே."

ஆறு வருடச் சர்க்கரை. சர்க்கரையும் சிறுநீரகத்தைத்தான் தின்னும் என்று அவளுக்கும் அரைகுறையாகத் தெரியும். மூன்று வருடமாக 'ஃபிட்', 'ஃபிட்', 'ஃபிட்' என்று வந்த தாளைப் பார்த்து, உள்ளுக்குள் அவளே கொஞ்சம் நம்பியும் விட்டிருக்கிறாள். தன்னுடையது இல்லை என்று தெரிந்தே நம்பியிருக்கிறாள். அப்படி நம்பத் தோன்றும், கண்ணுகளா. பயத்தோடு எத்தனை நாள்தான் நின்றுகொண்டு வேலை செய்வது?

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" என்றாள். இப்போது குரல் தணிந்திருந்தது.

"சொன்னா ஒங்க வேலை போயிரும்ல."

"தூ. உன் கிட்னிய வெச்சு என் வேலையக் காப்பாத்துறியா? நான் என்ன அவ்ளோ கேடுகெட்டவளா?" தெலுங்கில் எதையோ சேர்த்துச் சொன்னாள். நல்ல வார்த்தை இல்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "நீ என்னாயா பாக்கற, திரும்பு!"

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சரசம்மா மாடிப்படி ஏறினாள். பின்னால் நாராயணம்மா, ஹரிணி, மற்ற இருவர். என்ன விஷயம் என்று பார்க்கப் பாலாஜியும் கூடவே ஏறினான். காலையிலேயே சரசம்மா சொல்லிவைத்திருந்தபடி மோகனப்ரியா ஃபைலோடு வந்து நின்றாள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட தாளை ஜெகதீஷின் மேசையில் வைத்தாள். "சார், இவங்க அவங்கவங்க ரிப்போர்ட் நகல் கேக்கறாங்க. ரூல்ல இருக்கு சார்."

"எதுக்கு திடீர்னு?" என்று ஜெகதீஷ் ஃபைலை வாங்கிப் புரட்டினார். ஜெயமணியுடையதைக்கூடப் பெயரை மட்டும் பார்த்து உருவிய அந்த மனிதர் மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சர்க்கரைக் கட்டத்தைத் தாண்டிப் பார்த்தார். மூன்று பிளஸ். அடுத்த தாள், மூன்று பிளஸ். அடுத்தது, அடுத்தது. மூக்கு நுனியில் வேர்த்தது.

"பாலாஜி, கதவைச் சாத்து." குரல் மாறியிருந்தது. "யார் அனுப்பினது உங்கள? யூனியனா? வக்கீல் யாராச்சும் வந்தாங்களா? ஆறு பேருக்கும் கிட்னி... அந்தக் கெமிக்கலத்தான் சொல்லப் போறீங்களா?"

ஹரிணி சரசம்மாவின் காதுக்குள் கிசுகிசுத்தாள். "பயப்படட்டும் அக்கா. விடுங்க."

நானாக இருந்தால் விட்டிருப்பேன். அந்த ஆள் இன்னும் ஒரு மணி நேரம் வேர்க்கட்டும் என்று வேடிக்கை பார்த்திருப்பேன். ஆனால் ஜெகதீஷ் ஃபைலை மூடி மேசை இழுப்பறைக்குள் தள்ளிச் சாவியைக் கையில் எடுத்தார். "இத மேனேஜ்மென்ட்கிட்டப் பேசணும். நகல் நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்கு எலி வந்துவிடும். சரசம்மாவுக்கு அது புரிந்தது.

"சார், பூட்டாதீங்கோ," என்றாள். "எங்களுக்குக் கிட்னி நோயி இல்ல. அது மொத்தமும் ஒருத்தியோடது. ஜெயமணியோடது. மூணு வருஷமா அவதான் எங்க டப்பாவுல ஊத்தினா."

"என்னது?"

"எனக்குச் சக்கரை சார். ஆறு வருஷமா. நிறுத்திடுவீங்கன்னு வாங்கி ஊத்தினேன். இவங்க டப்பாவுலயும் நான்தான் ஊத்தினேன், இவங்களுக்குத் தெரியாது."

தெரியாதாம்! நாராயணம்மா கக்கூஸ் வாசலில் நின்று வரிசை விட்டவள். அவள் வாயைத் திறக்கப் போனபோது சரசம்மா அவள் காலை மிதித்தாள்.

ஜெகதீஷ் நாற்காலியில் சாய்ந்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். அப்போது அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"அப்பாடா. ஒருத்திக்குத்தானா?"

இந்தக் கதையில் என்னை எரிக்கிற இடம் இதுதான். அந்த மனிதர் பொய் சொன்னார், ஃபார்மை உருவினார், எலி மேல் பழி போட்டார். அதெல்லாம்கூடப் பயம் என்று விட்டுவிடலாம். இந்த 'அப்பாடா' பயத்தில் வந்ததல்ல. நிம்மதியில் வந்தது. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து விட்டு, அவர் அதைச் சொன்னார்.

சரசம்மா இரண்டு கையையும் மேசையில் ஊன்றினாள்.

"என்னா சார் அப்பாடா? ஒருத்தின்னா எண்ணிக்கையில வராதா? அவளுக்குப் பேரு இருக்குது, ஆறாவது படிக்கற பொண்ணு இருக்குது. நாங்க ஏமாத்தினோம், சரி. நீங்க கண்டுபிடிச்சிருக்கணுமே! ஆறு பேரு ஃபார்மும் ஒரே மாதிரி இருக்குதேன்னு ஒருத்தனாச்சும் கேட்டீங்களா? கேட்டிருந்தா நான் போன வருஷமே மாட்டியிருப்பேன், வேலை போயிருக்கும், அவ பொழைச்சிருப்பா! திருடிய புடிக்கக்கூட உங்களுக்கு எங்க மூஞ்சியப் பாக்கத் தோணல. சக்கரை இருக்குதா, எத்தனை தடவ ஒண்ணுக்குப் போவா, அதானே உங்க கணக்கு? அந்தக் கட்டம் பக்கத்துலதான் சார் இருந்துச்சு இந்தக் கட்டமும். ஒரு விரக்கட தூரம்!"

பாலாஜி தரையைப் பார்த்தான். நம்புகிறீர்களோ இல்லையோ, அவன் கையில் அந்தச் சிவப்பு டோக்கன் இருந்தது. லைனிலிருந்து வரும்போது யாரும் எடுத்துவிடக் கூடாது என்று கையோடு கொண்டுவந்திருந்தான்.

ஜெகதீஷ் இழுப்பறையைத் திறந்தார். கெமிக்கல் இல்லை என்றால் அவருக்கு அந்தத் தாள்கள் வெறும் குப்பை. "குடுத்துத் தொலை," என்று மோகனப்ரியாவிடம் ஃபைலைத் தள்ளினார். "சரசம்மா, நீங்க கேட் பாஸக் குடுத்துட்டுப் போலாம். மத்தவங்க லைனுக்குப் போங்க."

மற்ற நால்வரும் ஏமாற்றியவர்கள்தான் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஐந்து பேரை ஒரே நாளில் அனுப்பினால் மதியம் லைன் நிற்கும். அதனால் பொய்யை நம்பிக்கொண்டார். நம்பினால் வசதி என்றால் இவர்கள் எதையும் நம்புவார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜெயமணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்பெனி அவளையும் 'ரெஸ்ட் எடுங்க' என்று சொல்லி நிறுத்திவிட்டிருந்தது. கூட சரசம்மா வந்தாள். டாக்டர் சுவேதாவின் மேசையில் பதினைந்து தாள்களைப் பரப்பினார்கள்.

"பேரெல்லாம் வேற வேறயா இருக்கே. இதுல உங்களோடது எது?"

"எல்லாமே என்னோடதுதான் டாக்டர்."

நடந்ததையெல்லாம் இருவரும் சொல்லி முடித்தபோது டாக்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்புறம் தாள்களை வருடவாரியாக அடுக்கினாள். அடுக்க அடுக்கச் சிரிப்பு போய்விட்டது.

"ஒரு தாள்னா தப்பா எழுதியிருப்பாங்களோன்னு சந்தேகப்படுவேன். இது ஒவ்வொரு வருஷமும் அஞ்சு டப்பா, அஞ்சும் ஒரே அளவு. மொத வருஷம் சுத்தமா இல்ல. அப்புறம் ஒரு பிளஸ். இந்தத் தையில மூணு. ஏறிட்டே போகுது." அவள் விரல் 'ஃபிட்' முத்திரையின் மேல் நின்றது. அதன் கீழே மூன்று கூட்டல் குறிகள் தெரிந்தன. "ஒரு பிளஸ்லயே யாராவது அனுப்பியிருந்தா..."

"தழும்பு விழுந்திருக்காதா?" என்றாள் ஜெயமணி.

"இவ்வளவு விழுந்திருக்காது." டாக்டர் பொய் சொல்லவில்லை. "இன்னும் எரிஞ்சுட்டுதான் இருக்கு. மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கிறோம். கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். வாராவாரம் வரணும், மூத்திரத்துல புரோட்டீன் இறங்குதான்னு பாக்கணும். இறங்கினா நாம ஜெயிக்கிறோம்னு அர்த்தம். இறங்கலன்னா வேற மருந்து. விட மாட்டேன்."

ஜெயமணி தலையாட்டினாள். கண்ணில் நீர் கட்டியது, விழவில்லை. "பாதி இருந்தாலும் போதும் டாக்டர். எம்பொண்ணு பன்னெண்டாவது முடிக்கிற வரைக்குமாச்சும் ஓடணும்."

"அதுக்கு மேலயும் ஓடட்டும்."

வெளியே வராந்தாவில் லேப் ஜன்னல். ஜெயமணிக்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். பின்னால் நின்ற சரசம்மாவும் ஓ.பி. சீட்டை நீட்டினாள். காலையிலேயே தன் பேரில் தனியாகப் பதிந்திருந்தாள். அவளுக்கும் ஒரு டப்பா. ஜன்னலில் இருந்த பேனாவை வாங்கி, டப்பாவின் மேல் ஒட்டியிருந்த தாளில், பலகையில் எழுதுவது போல அழுத்தி அழுத்தித் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்த பிறகும் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். வேலை இல்லை, வீட்டில் படுத்திருக்கிற ஆள், இந்த டப்பா என்ன சொல்லப் போகிறதோ என்கிற பயம்.

"அக்கா," என்றாள் ஜெயமணி, அவள் கையைப் பார்த்து.

"என்னாடி?"

"பயமா இருக்கா?"

"போடி." சரசம்மா டப்பாவை முந்தானைக்குள் மறைக்காமல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "இன்னிக்கி நீ ஒண்ணும் ஊத்த வேணாம். எங்கிட்டயே இருக்குது."